ஒப்புதலும் தீர்ப்பும்: பேரறிவாளன் வழக்கு குறித்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

2022ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம் பேரறிவாளனை விடுதலை செய்தது. பத்தொன்பது வயதில் காவலில் வைக்கப்பட்ட இளைஞர், ஐம்பது வயதில் முழு விடுதலை பெற்றார். அவருடைய தாயார் அற்புதம்மாள் முப்பத்தோராண்டுகள் சிறைவாயிலுக்கும் நீதிமன்ற வாயிலுக்குமாக நடந்த நடை அன்றோடு முடிந்தது. தமிழ்நாட்டில் பலர் மகிழ்ந்தனர், சிலர் வருந்தினர். இரு சாராருமே, வழக்கு ஒருவாறு தீர்ந்துவிட்டது என்று கருதினர்.

ஆனால் அவ்வாணையைக் கருத்தூன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். பேரறிவாளன் குற்றமற்றவர் என்று அவ்வாணை கூறவில்லை. அவரைக் குற்றவாளி எனக் கண்ட 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பும் மாற்றப்படவில்லை. அமைச்சரவையின் பரிந்துரைமீது ஆளுநர் முடிவெடுக்கத் தாழ்த்தியதே விடுதலைக்கு ஏதுவாயிற்று. ஆகவே, இவர் தவறாகத் தண்டிக்கப்பட்டாரா என்னும் கேள்வி, விடை கூறப்படாமலேயே வரலாற்றின் கையில் விடப்பட்டிருக்கிறது.

அக்கேள்விக்குத் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்குரிய தகுதியும் நமக்கில்லை. ஆயினும் இவ்வழக்கின் அடிப்படையில் நிற்கும் வேறொரு கேள்வி, குருத்துவப் பணியாளராகிய நமக்கு மிக நெருங்கியது. ஒரு மனிதன் கூறியதாக எழுதப்பட்ட ஒப்புதல், அவன் உயிரை வாங்குவதற்குப் போதிய சான்றாகுமா? பாவ அறிக்கையை ஆராதனையின் ஓர் உறுப்பாகக் கொண்டுள்ள நாம், ஒப்புதல் என்னும் இச்சொல்லின் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

2. வழக்கு நடந்த வகை

1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இரவு திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அவரோடு பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பணியிலிருந்த காவலர்களும் கட்சித் தொண்டர்களும் இருந்தனர். இக்கொடுமையை எவ்வகையிலும் சிறிதாக்கிப் பேசுதல் தகாது. பின்னாளில் எழுந்த விவாதத்தில் இவ்வெளிய மக்களின் பெயர்கள் பெரும்பாலும் மறக்கப்பட்டன என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவ்வாண்டு ஜூன் 11ஆம் நாள், விசாரணைக்கென்று அழைத்த மத்தியப் புலனாய்வு அதிகாரிகளிடம் பேரறிவாளனை அவருடைய பெற்றோரே அனுப்பிவைத்தனர். மறுநாள் திரும்பி வருவான் என்று நம்பி அனுப்பியதாக அற்புதம்மாள் பலமுறை கூறியிருக்கிறார். அந்த மறுநாள் வருவதற்கு முப்பதாண்டுகளுக்கு மேலாயிற்று.

பேரறிவாளன்மீது கூறப்பட்ட குற்றங்களுள் முதன்மையானது, 9 வோல்ட் மின்கலங்கள் இரண்டை வாங்கிச் சதிக்குத் தலைவனாயிருந்த சிவராசனிடம் கொடுத்தார் என்பது. வெடிகுண்டை இயக்க அவை பயன்பட்டன என்று அரசுத் தரப்பு கூறிற்று. மின்கலம் எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருள். எனவே வாங்கினார் என்பதைவிட, எதற்கென்று அறிந்து வாங்கினாரா என்பதே வழக்கின் உயிர்நிலை. அந்த அறிவை மெய்ப்பிக்க அரசுத் தரப்புக்குப் பெரிதும் கைகொடுத்தது, காவல் கண்காணிப்பாளர் ஒருவர் எழுதிக்கொண்ட ஒப்புதல் வாக்குமூலமாகும்.

இவ்வழக்கு தடா என வழங்கிய 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்தது. பூந்தமல்லியில் அமைந்த தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று, குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று நீதிபதிகள் கே. டி. தாமஸ், டி. பி. வாத்வா, எஸ். எஸ். எம். காத்ரி ஆகியோரடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு பத்தொன்பது பேரைக் கொலைக் குற்றச்சாட்டினின்று விடுவித்தது. மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்து, நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வரின் மரண தண்டனையை உறுதி செய்தது. நளினியைப் பொறுத்தமட்டில் நீதிபதி தாமஸ் மாறுபட்டு, ஆயுள் தண்டனையே போதும் என்றார்.

இத்தீர்ப்பில் ஊன்றி நோக்கத்தக்க ஒரு கூறு உண்டு. தடாச் சட்டத்தின்கீழ்வரும் பயங்கரவாதக் குற்றம் இங்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கண்டது. ஆனால் அச்சட்டத்தின்கீழ்ப் பெறப்பட்ட வாக்குமூலங்களை மற்றக் குற்றங்களுக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்றும் கூறிற்று. சட்டம் பொருந்தாது, அச்சட்டம் திறந்த வாயில் வழியே வந்த சான்று மட்டும் பொருந்தும் என்னும் இந்நிலை, சட்ட அறிஞர் பலருக்கு இன்றளவும் உறுத்தலாகவே இருக்கிறது.

3. ஒப்புதல் என்னும் சான்றின் பழைய வரலாறு

மோசேயின் நியாயப்பிரமாணம் கொலைக்குற்றத்தில் ஒரே சாட்சியை ஏற்பதில்லை. இரண்டு மூன்று பேருடைய சாட்சியைக் கேட்கிறது. சாட்சி சொன்னவனே முதற் கல்லை எறிய வேண்டும் என்றும் விதிக்கிறது. தன் சொல்லால் ஒருவன் சாவான் என்பதைச் சாட்சி தன் கையாலேயே உணரவேண்டும் என்பது இதன் கருத்துப் போலும். பிற்கால யூத நியாய மரபு இன்னும் ஒருபடி மேற்சென்றது. உயிர்த்தண்டனைக்குரிய வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவன் தானே தன் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் அதன்மேல் தண்டிக்கலாகாது என்பது தல்மூத் ஆசிரியரின் கொள்கை. பன்னிரண்டாம் நூற்றாண்டினரான மைமோனிதெஸ் இதற்கொரு காரணம் கூறினார்: மனம் நொந்து சாவை விரும்பும் மனிதன் தான் செய்யாததையும் செய்தேன் என்று கூறக்கூடும்.

மேற்கத்தியத் திருச்சபை வரலாற்றில் இதற்கு நேர்மாறான போக்கைக் காண்கிறோம். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், நெருப்பாலும் நீராலும் குற்றத்தைச் சோதிக்கும் சடங்குகளில் குருமார் பங்குகொள்ளக்கூடாது என்று தடை விதித்தது. அது நல்ல சீர்திருத்தமே. ஆனால் தெய்வச் சோதனை நீங்கிய இடத்தில் நீதிமன்றங்களுக்கு உறுதியான வேறொரு சான்று வேண்டியதாயிற்று. குற்றவாளியின் ஒப்புதலே சான்றுகளுக்கெல்லாம் அரசி என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஒப்புதல் தானாக வராதபோது அதை வரவழைக்கச் சித்திரவதை முறையாயிற்று. ஆண்டுக்கொரு முறையேனும் குருவிடம் பாவ அறிக்கை செய்யவேண்டும் என்று விதித்ததும் அதே சங்கமே என்பது சிந்திக்கத்தக்கது. ஒரே சொல் ஆலயத்தில் மன்னிப்புக்கு வாயிலாகவும், நீதிமன்ற நிலவறையில் சாவுக்கு வாயிலாகவும் அமைந்தது.

நம் நாட்டு வரலாறும் இதில் நமக்கு அந்நியமன்று. சென்னை மாகாணத்தில் வருவாய் அலுவலரும் காவலரும் மக்களைச் சித்திரவதை செய்வதாக எழுந்த முறையீடுகளை ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1855இல் வெளிவந்த அதன் அறிக்கை, அக்கொடுமை மெய்யென்று கண்டது. காவலரிடம் செய்யும் ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்னும் விதி 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக நிலைபெற்றது. அன்னிய ஆட்சியே இந்தியக் காவலரை நம்பவில்லை என்று இதனைக் குறைகூறுவோர் உண்டு. எளியவனைக் காக்க அமைந்த வேலி என்று போற்றுவோரும் உண்டு. எவ்வாறாயினும் அவ்வேலி ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றது. தடாச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதில் ஒரு வாயிலைத் திறந்தது. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி எழுதிக்கொண்ட ஒப்புதல் சான்றாகும் என்று அது விதித்தது. 1994இல் கர்த்தார் சிங் வழக்கில் இப்பிரிவு செல்லும் என்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் இருவர் உடன்படவில்லை. அடுத்த ஆண்டே தடாச் சட்டம் நீட்டிக்கப்படாமல் காலாவதியாயிற்று. ஆனால் அதன்கீழ் எழுதப்பட்ட வாக்குமூலங்கள் காலாவதியாகவில்லை.

4. ஒப்புநோக்கத் தக்க மூன்று வழக்குகள்

முதலாவது, பிரான்சு நாட்டுத் துலூசு நகரில் வாழ்ந்த சீர்திருத்தத் திருச்சபையினரான ழான் கலாஸ் என்னும் துணி வணிகரின் வழக்கு. 1761 அக்டோபரில் அவருடைய மூத்த மகன் வீட்டில் இறந்து கிடந்தான். கத்தோலிக்கனாக மாற விரும்பியதால் தந்தையே கொன்றார் என்னும் வதந்தி ஊரெங்கும் பரவிற்று. 1762 மார்ச்சு 10 அன்று அம்முதியவர் சக்கரத்தில் கட்டி எலும்பு முறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். எவ்வளவு வதைத்தும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை; இறுதிவரை தாம் குற்றமற்றவர் என்றே கூறினார். அந்த ஒப்பாமையே தீர்ப்பின்மேல் மக்களுக்கு ஐயத்தை எழுப்பிற்று. திருச்சபைக்கு நண்பரல்லாத வோல்த்தேர் அவ்வழக்கைக் கையிலெடுத்து எழுதினார். 1765 மார்ச்சு 9 அன்று பழைய தீர்ப்பு நீக்கப்பட்டு, கலாஸின் பெயர் மாசு நீங்கியது. ஆனால் உயிர் மீளவில்லை.

இரண்டாவது, இங்கிலாந்தில் திமொத்தி எவன்ஸ் என்பவரின் வழக்கு. தம் குழந்தையைக் கொன்றதாக 1950இல் அவர் தூக்கிலிடப்பட்டார். காவலரிடம் அவர் ஒப்புதல் அளித்திருந்தார்; பின்னர் அதை மறுத்து, மாடியின் கீழ்ப்பகுதியில் குடியிருந்த கிறிஸ்டியே கொலையாளி என்றார். நீதிமன்றம் அவரை நம்பாமல், அரசுத் தரப்புச் சாட்சியாக வந்த கிறிஸ்டியை நம்பிற்று. 1953இல் அதே வீட்டில் வேறு பெண்களின் உடல்கள் அகப்பட்டபோதுதான் கிறிஸ்டி பல கொலைகள் செய்தவன் என்பது வெளிப்பட்டது. 1966இல் எவன்ஸுக்கு இறப்புக்குப்பின் மன்னிப்பு வழங்கப்பட்டது. கொலைக்குத் தூக்குத்தண்டனையை அந்நாடு நிறுத்திவைத்ததற்கு அவ்வழக்கும் ஒரு காரணம்.

மூன்றாவது, தமிழர் நன்கறிந்த இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 'இந்து நேசன்' இதழாசிரியர் இலட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராச பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சதிக்குற்றத்திற்காக 1945இல் நாடுகடத்தப்படும் ஆயுள் தண்டனை பெற்றனர். உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோற்றது. இலண்டன் பிரிவி கவுன்சில் அதை மீண்டும் விசாரிக்குமாறு திருப்பி அனுப்பிற்று. 1947 ஏப்பிரலில் இருவரும் விடுதலையாயினர். இவர்களுக்குக் கிட்டியது கருணையன்று, நீதிமன்றத்தின் விடுதலைத் தீர்ப்பு. பொருளும் புகழும் வல்ல வழக்கறிஞரும் இருந்தமையால் இது கைகூடிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. அவ்வாறிருந்தும் பாகவதரின் கலைவாழ்வு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

5. பொது விவாதம் வளர்ந்த முறை

பேரறிவாளன் வழக்கு தொடக்கத்தில் பொதுமக்களின் விவாதப் பொருளாக இல்லை. கொலையின் அதிர்ச்சியும் அச்சமும் பலரைப் பேசாதிருக்கச் செய்தன. மனித உரிமை அமைப்பினரும் தமிழ் உணர்வாளரும் சிறிது சிறிதாகவே இதைப் பேசத் தொடங்கினர். சிறையிலிருந்து பேரறிவாளன் எழுதிய 'தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்' அவர் தரப்பை மக்களிடம் கொண்டுசேர்த்தது. நளினியின் தண்டனை 2000இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. மற்ற மூவரின் கருணை மனுக்கள் பதினோராண்டுகளுக்கு மேல் கிடந்தன. 2011 ஆகஸ்டில் அவை தள்ளப்பட்டு, செப்டம்பர் 9 தூக்கிலிடும் நாளாகக் குறிக்கப்பட்டது.

அந்நாட்களில் தமிழ்நாடெங்கும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. ஆகஸ்டு 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்னும் இளம்பெண் மூவரின் உயிரைக் காக்க வேண்டித் தீக்குளித்து மாண்டார். ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிர் மாள்வதை நாம் போற்ற இயலாது. ஆயினும் அச்சாவின் துயரத்தைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடவும் இயலாது. ஆகஸ்டு 30 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தூக்கைத் தடுத்து நிறுத்தியது. அன்றே சட்டமன்றமும் மூவரின் தண்டனையைக் குறைக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றிற்று.

2013 நவம்பரில் விவாதம் புதியதொரு திருப்பத்தை அடைந்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியும் அப்போது ஓய்வுபெற்றிருந்தவருமான வி. தியாகராசன் வெளிப்படையாகப் பேசினார். மின்கலங்களை வாங்கிக் கொடுத்ததாகப் பேரறிவாளன் ஒப்புக்கொண்டார். ஆனால் அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். அப்பிற்பகுதியைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக அவர் தெரிவித்தார். 2017இல் இதையே உச்சநீதிமன்றத்தில் உறுதியுரையாகவும் அளித்தார். 1991 மே 7 அன்று சிவராசன் அனுப்பிய கம்பியில்லாச் செய்தி, கொலைத்திட்டம் தம்முள் மூவருக்கே தெரியும் எனக் குறித்தது என்பதையும் பேரறிவாளன் தரப்பினர் எடுத்துக்காட்டினர்.

மறுதரப்பின் நியாயத்தையும் கூறுதல் கடமை. மத்தியப் புலனாய்வுத் துறை தியாகராசனின் கூற்றை ஏற்கவில்லை. தீர்ப்பு ஒரே ஒரு வாக்குமூலத்தின்மீது மட்டும் நிற்கவில்லை என்றும், சதிகாரருடன் பேரறிவாளனுக்கிருந்த தொடர்பு வேறு சான்றுகளாலும் தெரிந்தது என்றும் அத்தரப்பினர் கூறினர். இருபத்திரண்டு ஆண்டுகள் பேசாதிருந்த ஒருவர் ஓய்வுக்குப்பின் பேசுவதை எந்த அளவு நம்பலாம் என்றும் வினவினர். குண்டுவெடிப்பில் மாண்டோரின் குடும்பத்தார் சிலர் விடுதலையை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். அவர்கள் மனு 2019இல் தள்ளப்பட்டது. அவர்கள் கேட்டதும் நீதியே.

ஆயினும் ஒன்று தெளிவு. வாக்குமூலத்தில் விடுபட்டதாகக் கூறப்படுவது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் உண்மையில் சொல்லப்பட்டிருக்குமாயின், எழுதப்பட்டது ஒப்புதலேயன்று. அறியாமையை அறிவாக மாற்றிய வேறொரு கதை. கேட்டவர், எழுதியவர், சான்றாக அளித்தவர் எல்லாம் ஒரே தரப்பினராக இருக்கும்போது, விடுபட்ட வாக்கியத்தைத் தேடி எடுக்க எந்த நீதிமன்றத்தாலும் எளிதில் இயலாது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் எழுப்பிய வேலியின் பொருள் இதுவே.

6. கருணையும் நீதியும்

2014 ஜனவரியில், கருணை மனுவை முடிவு செய்வதில் நேரும் மிகுந்த காலத்தாழ்வு தண்டனைக் குறைப்புக்குத் தக்க காரணம் என்று உச்சநீதிமன்றம் மற்றொரு வழக்கில் விதித்தது. அதன்படி பிப்ரவரி 18 அன்று மூவரின் தூக்கும் ஆயுள் தண்டனையாயிற்று. அவர்களை விடுவிக்க மாநில அரசு உடனே முற்பட்டது. மத்திய அரசு எதிர்த்தது. 2018 செப்டம்பரில் அமைச்சரவை மீண்டும் பரிந்துரைத்தும், ஆளுநர் நெடுநாள் முடிவு கூறாமல், பின் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அது முறையன்று என்று கண்டே, 2022இல் உச்சநீதிமன்றம் அரசமைப்பின் 142ஆம் பிரிவைக் கொண்டு பேரறிவாளனை விடுவித்தது. எஞ்சிய அறுவரும் அவ்வாண்டு நவம்பர் 11 அன்று விடுதலையாயினர்.

கலாஸ் இறந்தபின் நீதி பெற்றார். எவன்ஸ் இறந்தபின் மன்னிப்புப் பெற்றார். பாகவதர் உயிரோடிருக்கையில் நீதி பெற்றார். பேரறிவாளன் உயிரோடு விடுதலை பெற்றார். ஆனால் நீதிமன்றம் அவர் கேள்விக்கு விடை கூறவில்லை. இந்நான்கு முடிவுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, கருணையும் நீதியும் வேறுவேறு என்பது விளங்கும். குற்றவாளிக்கே மன்னிப்புப் பொருந்தும். குற்றமற்றவன் வேண்டுவது மன்னிப்பன்று, மெய்யறிவிப்பு. குற்றமற்றவனுக்கு மன்னிப்பளித்து அனுப்புவது, அவன்மேல் ஏற்றிய பழியை அவனோடே அனுப்புவதாகும். கிருபையைப் போதிக்கும் நாம் இவ்வேறுபாட்டை மறந்து, கருணை கிடைத்தது போதும் என்று அமைந்துவிடலாகாது.

மறுபுறம், மனித நீதி தன் தவறைக் கண்டுகொள்ளக் காலம் பிடிக்கும். எவன்ஸ் வழக்கில் மூன்றாண்டில் உண்மை வந்தது. அதற்குள் அவர் இல்லை. தியாகராசன் பேசுவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 2011 செப்டம்பர் 9 அன்று தூக்குக் கயிறு இழுக்கப்பட்டிருந்தால், அச்சாட்சியம் ஒரு கல்லறைக்கு உரைத்த சாட்சியமாகவே இருந்திருக்கும். ஏற்கனவே நெடுங்காலம் சிறையிலிருந்தோரைத் தூக்கிலிடுவது ஒரே குற்றத்திற்கு இரு தண்டனை விதிப்பதாகும் என்று, தீர்ப்பளித்த அமர்வின் தலைவரான நீதிபதி தாமஸே 2013இல் கருத்துரைத்தது இங்கு நினைக்கத்தக்கது. மரண தண்டனைக்கு எதிரான வாதங்கள் பலவற்றுள், திருத்திக்கொள்ள இடம் வேண்டும் என்னும் இவ்வெளிய வாதமே மறுக்க அரிது.

7. முடிவுரை

நாபோத்தின் வரலாற்றில் நியாயத்தின் வடிவம் முழுவதும் காக்கப்பட்டது. மூப்பர் கூடினர், உபவாசம் கூறினர், பிரமாணம் கேட்ட இரு சாட்சிகளும் நின்றனர். ஆயினும் நடந்தது கொலையே. முறை தவறாமை மட்டுமே உண்மைக்கு உறுதியன்று என்று திருமறை அங்கு எச்சரிக்கிறது. அவ்வூரில் அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எலியா வந்தபோது நாபோத் இல்லை.

நம் ஊழியக் களங்களில் இத்தகைய புகழ்பெற்ற வழக்குகள் வருவதில்லை. புளியங்குடியிலோ சங்கரன்கோவிலைச் சார்ந்த ஒரு சிற்றூரிலோ, அடிதடியொன்றில் ஓர் உயிர் போகும். அன்றிரவே ஓர் இளைஞனைக் காவலர் அழைத்துச் செல்வர். அவன் ஒப்புக்கொண்டான் என்று மறுநாள் ஊரெல்லாம் பேசும். பாளையங்கோட்டைச் சிறைக்குப் போகவரப் பேருந்துக் கட்டணமும் இல்லாத ஒரு தாய் ஆயரின் வீட்டுக்கு வந்து நிற்பாள். இறந்தவனின் தாயும் அதே சபையிலிருக்கக்கூடும். அன்று ஆயர் செய்யவேண்டியவை மிகச் சில: இரு வீடுகளுக்கும் செல்லுதல், ஒப்புக்கொண்டான் என்னும் ஊர்ப்பேச்சைத் தாமும் திரும்பச் சொல்லாதிருத்தல், சட்ட உதவி கிடைக்கும் இடத்தைத் தேடிச் சொல்லுதல், அவன் என்ன சொன்னான் என்பதை முழுமையாகக் கேட்டல்.

முழுமையாகக் கேட்டல் என்பதே இறுதியானதும் அரியதுமாகும். பாவ அறிக்கையைக் கேட்கும் குரு, பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விடுவதில்லை. ஒரு மனிதனின் சொல்லில் அவனைக் குற்றப்படுத்தும் பகுதி எவ்வளவு மெய்யோ, அவனை விடுவிக்கும் பகுதியும் அவ்வளவே மெய் என்று எண்ணிக் கேட்கும் செவி நீதிமன்றத்திற்கும் வேண்டும், திருச்சபைக்கும் வேண்டும். ஒரு வாக்கியம் எழுதப்பட்டதா இல்லையா என்னும் ஐயத்தில் ஒரு மனிதனின் முப்பத்தோராண்டுகள் அடங்கியிருந்தன என்பதை, நாம் நம் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.